அறிவுக்கு ஒரு சாணைக்கல்: சமன் குறி தந்த ராபர்ட் ரெக்கார்ட்

கணக்கில் நாம் போடும் குறிகளில் பலவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. கூட்டல், கழித்தல் குறிகள் 1489-ஆம் ஆண்டு ஜெர்மனியில் அச்சான ஒரு வணிகக் கணக்குப் புத்தகத்தில் தலைகாட்டுகின்றன. ஆனால் அவற்றை முதன்முதலில் எழுதிய கை யாருடையது என்று அடித்துச் சொல்ல முடியாது. அடைப்புக்குறிக்கும் ஒரே ஒரு தந்தையைக் காட்ட முடியாது. சமன் குறி மட்டும் விதிவிலக்கு. அது எந்த ஆண்டு, எந்தப் புத்தகத்தில், யாரால் அச்சுக்கு வந்தது என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். ஆண்டு 1557. ஊர் லண்டன். போட்டவர் பெயர் ராபர்ட் ரெக்கார்ட். அடுத்த ஆண்டே அவர் சிறையில் இறந்துபோனார்.

இடைநிலைப்பள்ளியில் கணிதம் கற்பிக்கும் எனக்கு இந்த மனிதர்மேல் ஒரு தனி ஈடுபாடு உண்டு. காரணம், மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களில் நான் அதிகமாகச் சிவப்பு மை செலவழிப்பது அவருடைய குறிக்காகத்தான். கலவைக் கணக்கில் எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்ற குழப்பத்தைக்கூட இரண்டு வாரத்தில் தீர்த்துவிடலாம். சமன் குறியை விடைக்கு முன்னால் போடும் வெறும் கோடாக நினைக்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்.

வேல்ஸின் தென்மேற்கு மூலையில், பெம்புரோக் வட்டாரத்தில், டென்பி என்ற துறைமுக ஊர் இருக்கிறது. ரெக்கார்ட் அங்கே ஏறக்குறைய 1512-இல் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்து, 1531-இல் அங்குள்ள ஆல் சோல்ஸ் கல்லூரியில் ஆய்வு உறுப்பினரானார். பின்னர் கேம்பிரிட்ஜில் 1545-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தொழிலால் அவர் வைத்தியர். சிறுநீரைப் பார்த்து நோயைக் கணிப்பது பற்றி 1547-இல் ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து வைத்தியத்தில் அது முக்கியமான கலை.

ஆனால் மருத்துவப் பட்டம் வாங்குவதற்கு முன்பே, 1543-இல், அவருடைய முதல் கணக்குப் புத்தகம் வெளிவந்துவிட்டது. கலைகளின் அடித்தளம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இன்றைக்கு நமக்கு அதில் வியப்பு எதுவும் தோன்றாது: கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், பின்னம், காசுக் கணக்கு. வியப்பு அது எழுதப்பட்ட மொழியில் இருந்தது. கற்றவர்கள் எல்லாம் லத்தீனில் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ரெக்கார்ட் ஆங்கிலத்தில் எழுதினார். பல்கலைக்கழகத்துக்குப் போகாத கடைக்காரர், தச்சர், மாலுமி, நிலம் அளப்பவர் ஆகியோரை நினைத்து எழுதினார். அதையும் ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் பேசிக்கொள்வதுபோல் எழுதினார். அந்த மாணவன் அவசரக்காரன். தப்புச் செய்வான், எதிர்த்துக் கேட்பான், புரியாமலே புரிந்ததாகச் சொல்வான். ஆசிரியர் உடனே விடையைச் சொல்ல மாட்டார். அவனைத் தன் தவற்றின் முடிவுவரை நடக்க விட்டு, அங்கே நிறுத்திக் காரணம் கேட்பார். புத்தகத்தில் எழுதியிருப்பதாலேயே ஒன்றை நம்பிவிடாதே என்பதுதான் அந்த ஆசிரியரின் இடைவிடாத வற்புறுத்தல். 450 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பாடநூலில் இப்படிப்பட்ட மாணவனைச் சந்திப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. என் வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவனை அப்படியே பார்த்து எழுதியது மாதிரி இருக்கும்.

1551-இல் வடிவியல் பற்றி எழுதியபோது அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. ஆங்கிலத்தில் கலைச்சொற்களே இல்லை. லத்தீன், கிரேக்கச் சொற்களை அப்படியே போட்டால் தச்சருக்குப் புரியாது. ஆகவே அவரே சொல் கட்டினார். வட்டத்தை ஒரே புள்ளியில் தொட்டுச் செல்லும் கோட்டுக்கு, தொடும் கோடு என்று பொருள்படும் எளிய ஆங்கிலச் சொல்லை வைத்தார். மூன்று பக்கமும் ஒத்த முக்கோணத்துக்கும், கூர்மையான கோணத்துக்கும், மழுங்கிய கோணத்துக்கும் அப்படியே வீட்டுச் சொற்களால் பெயர் சூட்டினார். ஆங்கிலம் அவற்றை ஏற்கவில்லை. லத்தீன் வழி வந்த டேன்ஜென்ட்தான் நிலைத்தது. நாமோ தமிழில் தொடுகோடு என்றுதான் சொல்கிறோம். ரெக்கார்ட் தம் மொழியில் செய்யப் பார்த்துத் தோற்றதைத் தமிழ்க் கலைச்சொல் ஆக்கியவர்கள் நம் மொழியில் செய்து வென்றுவிட்டார்கள்.

இதுவரை சொன்னது ஓர் அறிஞரின் அமைதியான வாழ்க்கை. அவருக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. அது அரசாங்கக் கணக்கைச் சரிபார்க்கும் வேலை.

எட்டாம் ஹென்றி மன்னர் தம் கடைசிக் காலத்தில் போர்ச் செலவுக்குப் பணம் போதாமல், வெள்ளி நாணயத்தில் செம்பைக் கலக்கத் தொடங்கியிருந்தார். நாணயத்தின் முகப்பில் அதே மதிப்பு. உள்ளே வெள்ளி குறைந்துகொண்டே போனது. அவருக்குப் பின் வந்த மகன் எட்வர்ட் ஆட்சியிலும் இது தொடர்ந்தது. பிரிஸ்டல் நகர நாணயச்சாலையின் தலைவர் ஒருவர் இந்தக் குழப்பத்தில் தமக்கும் ஒரு பங்கு ஒதுக்கிக்கொண்டு, கணக்கேடுகளிலும் கைவைத்து, 1549 தொடக்கத்தில் பிடிபட்டார். அந்த இடத்தைத் துப்புரவாக்க அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் ரெக்கார்ட். கணக்கை மேற்பார்வையிடும் அதிகாரியாக அவர் பிரிஸ்டலுக்குப் போனார்.

அதே ஆண்டு நாட்டில் கலகம். அதை அடக்கப் போன படைத்தலைவர்களில் வில்லியம் ஹெர்பர்ட் ஒருவர். படைச் செலவுக்கு நாணயச்சாலையிலிருந்து பணம் தரும்படி கேட்டபோது, ரெக்கார்ட் மறுத்துவிட்டார். அது மன்னரின் ஆணையாக வரவில்லை என்பது அவருடைய வாதம். கையில் வாள் வைத்திருப்பவரிடம் ரசீது கேட்ட கதைதான் இது. ஹெர்பர்ட் அவர்மேல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டினார். ரெக்கார்ட் 60 நாள் அரசவையிலேயே தடுத்து வைக்கப்பட்டார். பிரிஸ்டலில் நாணயம் அடிப்பதும் நின்றுபோனது.

1551-இல் அவருக்கு மீண்டும் ஒரு பதவி கிடைத்தது. இந்தத் தடவை அயர்லாந்து. அங்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் வெள்ளிச் சுரங்கம் தோண்ட ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்டுவந்திருந்தார்கள். சுரங்கத்துக்கும் டப்ளின் நாணயச்சாலைக்கும் ரெக்கார்ட் பொறுப்பு. எடுத்த வெள்ளியைவிட ஆன செலவு அதிகமாக இருந்தது, தொழிலாளர்களோடும் ஒத்துப்போகவில்லை. 1553-இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அதற்கிடையில் ஹெர்பர்ட் உயர்ந்துகொண்டே போனார். 1551-இல் அவருக்குக் கிடைத்த பட்டம் பெம்புரோக் பிரபு. ரெக்கார்ட் பிறந்த மண்ணின் பெயரே எதிரியின் பட்டமாக ஆனதை என்னவென்று சொல்வது!

1556-இல் ரெக்கார்ட் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். அரசி மேரியின் ஆட்சியில் பெம்புரோக் பிரபு செல்வாக்கின் உச்சியில் இருந்த நேரம் அது. அந்த நேரத்தில் அவர்மேல் முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளைக் கொண்டுபோனார். ஏன் அப்போது போனார் என்று எனக்கு அடிக்கடித் தோன்றுவதுண்டு. ஆளை எடை போடும் சாமர்த்தியம் அவருக்குக் குறைவு. கணக்குப் பிசகினால் சும்மா இருக்க முடியாத குணம் அதிகம் என்பது என் கணிப்பு. பிரபு அவதூறு வழக்குப் போட்டார். 1557 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: ரெக்கார்ட் 1000 பவுண்டு இழப்பீடு கட்ட வேண்டும். அக்காலத்தில் அது ஒரு வைத்தியர் நினைத்துப் பார்க்க முடியாத தொகை.

தீர்ப்பு வந்த அதே 1557-ஆம் ஆண்டில்தான் சமன் குறி பிறந்த புத்தகம் வெளிவந்தது. அதன் பெயர் அறிவின் சாணைக்கல். அந்தப் பெயருக்குள் ஒரு சிலேடை ஒளிந்திருக்கிறது. இத்தாலியக் கணக்கர்கள் தெரியாத எண்ணைக் கோசா, அதாவது பொருள், என்று அழைத்தார்கள். அதனால் இயற்கணிதத்துக்கே கோஸ் கலை என்ற பெயர் ஏற்பட்டது. லத்தீனில் கோஸ் என்றால் கத்தி தீட்டும் கல். ரெக்கார்ட் இரண்டையும் முடிச்சுப்போட்டு, மூளையைத் தீட்டும் கல் என்று புத்தகத்துக்குப் பெயர் வைத்துவிட்டார். எண்ணின் எட்டாம் அடுக்குக்கு அவர் அதில் தந்த பெயர் சென்சிசென்சிசென்சிக். நாம் 8 என்று சின்னதாக மேலே எழுதி முடித்துவிடுவதைச் சொல்ல அவருக்கு வாய் வலித்திருக்கும்.

இந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு முறையும் இது இதற்குச் சமம் என்று சொற்களால் எழுதுவது அவருக்கு அலுப்பாக இருந்தது. அதற்குப் பதிலாக ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போட்டார். உலகில் இவ்விரண்டைவிட ஒன்றுக்கொன்று சமமான பொருள்கள் வேறு இருக்க முடியாது என்பதே அவர் சொன்ன காரணம். அவர் போட்ட குறி இன்றைய குறியைவிடப் பல மடங்கு நீளம். ரயில் தண்டவாளம்போல் இருக்கும்.

அந்தக் குறியோடு அச்சான முதல் சமன்பாட்டை நம் எழுத்தில் எழுதிப் பார்ப்போம். தெரியாத எண்ணைக் க என்று வைத்துக்கொள்ளுங்கள்.

14க + 15 = 71

விடை 4. எப்படிச் சரிபார்ப்பீர்கள்? 14-ஐ 4-ஆல் பெருக்கினால் 56. அதோடு 15-ஐக் கூட்டினால் 71. யாராவது 4-ஐயும் 15-ஐயும் முதலில் கூட்டி 19 ஆக்கி, அதை 14-ஆல் பெருக்கினால் 266 வரும்.

பெருக்கல் ஏன் முதலில் என்று கேட்டால் பல மாணவர்கள் போட்மாஸ் என்று பதில் சொல்கிறார்கள். அது காரணம் அல்ல. நினைவில் வைக்க உதவும் ஒரு சொல், அவ்வளவுதான். ரெக்கார்டின் காலத்தில் போட்மாஸும் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை. இன்று நாம் போடும் பெருக்கல் குறி 1631-இல் வில்லியம் ஆட்ரெட் என்பவரின் புத்தகத்தோடு பரவியது. ரெக்கார்டின் வரியில் 14-க்குப் பக்கத்தில் இருந்தது ஓர் அலகின் பெயர் மாதிரி ஒரு குறி. 15-க்குப் பக்கத்திலும் இது வெறும் எண் என்று காட்டும் வேறொரு குறி உண்டு. அதாவது 14 பொட்டலம் கறிபாப், உதிரியாக 15 கறிபாப் என்று எழுதியதுபோல. ஒரு பொட்டலத்துக்கு 4 என்று தெரிந்தால் யாரும் 4-ஐயும் 15-ஐயும் கூட்டிக்கொண்டு நிற்க மாட்டார்கள். பொட்டலத்தைப் பிரித்து 56 என்று எண்ணிவிட்டு உதிரியைச் சேர்ப்பார்கள். பெருக்கல் முதலில் என்ற வழக்கத்தின் வேர் இதுதான். பெருக்கல் என்பது கட்டி வைத்த பொட்டலம். கூட்டுவதற்கு முன் அதைப் பிரித்தாக வேண்டும்.

அதே இடத்தில் வரும் மூன்றாவது சமன்பாடு இன்னும் சுவையானது.

26க² + 10க = 9க² − 10க + 213

இங்கே க-வின் மதிப்பு 3. இடப்பக்கம் போட்டுப் பாருங்கள். 3-இன் வர்க்கம் 9; 26-ஐ 9-ஆல் பெருக்கினால் 234; 30-ஐக் கூட்டினால் 264. வர்க்கத்தை விட்டுவிட்டு 26-ஐயும் 3-ஐயும் முதலில் பெருக்கி, பிறகு வர்க்கம் எடுத்தால் 6084 என்று எங்கேயோ போய்விடும். பொட்டலத்துக்குள் பொட்டலம் இருந்தால் உள்ளே இருப்பதை முதலில் பிரிக்க வேண்டும். அதனால்தான் அடுக்கு பெருக்கலுக்கும் முன்னால் வருகிறது.

இப்போது வலப்பக்கம்: 81 − 30 + 213. இங்கேதான் போட்மாஸை மனப்பாடம் செய்தவர்கள் வழுக்கி விழுகிறார்கள். அந்தச் சொல்லில் கூட்டலுக்கான எழுத்து கழித்தலுக்கு முன்னால் இருப்பதால், 30-ஐயும் 213-ஐயும் முதலில் கூட்டி 243 ஆக்கி, 81-இலிருந்து கழித்து −162 என்று எழுதிவிடுகிறார்கள். கூட்டலும் கழித்தலும் ஒரே தட்டில் இருப்பவை. இடமிருந்து வலமாகப் போக வேண்டியதுதான். 81-இலிருந்து 30 போனால் 51. 213 சேர்ந்தால் 264. இரண்டு பக்கமும் 264. தண்டவாளத்தின் இரண்டு கோடும் ஒரே நீளம்.

இப்போது என் சிவப்பு மைக்கு வருகிறேன். முதல் சமன்பாட்டைச் சரிபார்க்கச் சொன்னால் பயிற்சிப் புத்தகத்தில் இப்படி வரும்:

14 × 4 = 56 + 15 = 71

விடை சரிதானே, ஏன் சார் மதிப்பெண் குறைத்தீர்கள் என்று கேட்பார்கள். மெதுவாகப் படித்துப் பாருங்கள். இந்த வரி 14 × 4 என்பது 56 + 15-க்குச் சமம் என்று சொல்கிறது. அதாவது 56-ம் 71-ம் ஒன்று என்கிறது. எழுதியவர் மனத்தில் அது அடுத்து இதைச் செய்தேன் என்ற பொருளில் இருந்திருக்கலாம். கால்குலேட்டரில் பொத்தானைத் தட்டும் பழக்கம் அப்படி நினைக்க வைக்கிறது. ஆனால் தாளில் இருப்பது பொய். சரியாக எழுத ஒரு வரி கூடுதலாக வேண்டும்:

14 × 4 + 15
= 56 + 15
= 71

ஒவ்வொரு வரியிலும் முழுக் கணக்கும் இருக்கிறது. இன்னும் கைபடாத 15-ம் கூடவே இறங்கி வருகிறது. இயற்கணிதமும் நுண்கணிதமும் படிக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் மிகவும் தேவை. பல்கலைக்கழகத்தில் இரண்டு பக்கம் நீளும் ஒரு நிறுவலில் ஓரிடத்தில் சமன் குறி பொய் சொன்னால், அதற்குக் கீழே உள்ளதை எல்லாம் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

சாணைக்கல் புத்தகத்தின் முடிவு விசித்திரமானது. ஆசிரியரும் மாணவரும் பாடத்தின் நடுவே இருக்கிறார்கள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். தூதர் ஒருவர் வந்திருக்கிறார். ஆசிரியர் உடனே போக வேண்டும். இன்னும் கற்றுத்தர நினைத்ததை அவர் பாதியில் விடுகிறார். மாணவர் வருந்துகிறார். அத்துடன் புத்தகம் முடிகிறது. தம் சொந்த வாழ்க்கையில் கதவு தட்டப்படும் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒருவர்தான் ஒரு கணக்குப் புத்தகத்தை இப்படி முடிக்க முடியும் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு, 1558-இன் நடுப்பகுதியில், லண்டனின் சதர்க் பகுதியில் இருந்த கிங்ஸ் பெஞ்ச் சிறையில் ரெக்கார்ட் இறந்தார். கடனாளிகள் அடைக்கப்பட்ட சிறை அது. வயது 50-ஐ எட்டவில்லை. அங்கே எழுதிய உயிலில் சிறை அதிகாரிகளுக்கும் உடனிருந்த கைதிகளுக்கும்கூடச் சிறு சிறு தொகைகள் ஒதுக்கியிருந்தார். 12 ஆண்டு கழித்து, 1570-இல், அயர்லாந்தில் அவர் செய்த பணிக்காக அரசாங்கம் தர வேண்டியிருந்த இழப்பீடு அவருடைய வாரிசுகளுக்குக் கிடைத்தது. அப்போது ஆட்சியில் எலிசபெத் அரசி.

அவருடைய குறியும் உடனே வாழ்ந்துவிடவில்லை. 60 ஆண்டு அச்சில் யாரும் அதைத் தொடவில்லை. 1618-இல் ஒரு நூலின் பின்னிணைப்பில் மறுபடி தெரிந்தது. 1631-இல் ஆட்ரெட் உள்ளிட்ட சில ஆங்கிலக் கணிதர்களின் நூல்களில் ஒரே நேரத்தில் வந்தது. பிரான்ஸில் டெக்கார்ட் 1637-இல் சமத்துக்கு வேறொரு குறியைப் போட்டார்; அது ஐரோப்பாவில் கொஞ்ச காலம் ரெக்கார்டின் குறியோடு போட்டி போட்டது. நியூட்டனும் லைப்னிட்ஸும் இணைகோடுகளின் பக்கம் நின்ற பிறகுதான் போட்டி ஓய்ந்தது. அந்த இருவரும் மற்ற எதிலும் ஒத்துப்போனவர்கள் அல்லர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டின் முதல் கணக்குப் புத்தகமோ அவர் இறந்த பின்னும் திருத்தப்பட்டு, விரிக்கப்பட்டு, 1699 வரை அச்சாகிக்கொண்டே இருந்தது. டென்பியில் உள்ள புனித மேரி தேவாலயத்தில் இன்று அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது.

அவருடைய மூன்று சமன்பாடுகளில் இரண்டாவதை நான் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். அது இதுதான்: 20க − 18 = 102. க-வைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதைத் திரும்ப இட்டு, வரிக்கு ஒரு சமன் குறியாக எழுதிச் சரிபாருங்கள்.